இலஞ்சியிலிருந்து ஒரு பட்டை பதநீர்

சென்ற மாதம் நம் இதழுக்கு வந்த வாசகர் கேள்விகளில் ஒன்றை ஆசிரியர் குழு எனக்கு அனுப்பிவைத்தது. சுரண்டைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார்: "ரோட்டோரம் பதநீர் வாங்கினோம். வீட்டுக்கு வந்து தூக்குச்சட்டியைத் திறந்தால் நுரை கட்டிக்கொண்டு சோடா மாதிரி இரைகிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, கூடாதா?"

"கூடாது" என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் அந்தக் கடிதம் என்னை நாலைந்து நாள் விடவில்லை. சுரண்டை பனைக்குப் பேர்போன பூமி. அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே பதநீர் நல்லதா கெட்டதா என்று கடிதம் போட்டுக் கேட்கிற நிலை வந்துவிட்டது. ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் அவரவர் நாக்கிலேயே இருந்தது. அந்த நாக்கைத் திரும்பப் பழக்க முடியுமா என்று பார்க்கத்தான், சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் விடியுமுன் வண்டியை எடுத்தேன்.

சாரல் எட்டாத இடத்தில் பனை

நான் குடியிருப்பது இலஞ்சி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே சிற்றாற்றுத் தண்ணீரில் பிழைக்கிற ஊர். இலஞ்சி என்ற சொல்லுக்குக் குளம் என்றும் மகிழமரம் என்றும் பொருள் உண்டு. காரும் பிசானமும் விளைகிற வயல், தென்னந்தோப்பு, வாழை, நடுவில் குமாரர் கோயில், பின்னால் குற்றால மலை. ஆனியிலும் ஆடியிலும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலே சாரல் முகத்தில் தெறிக்கும்.

ஆனால் இங்கே பனை குறைவு. வரப்பிலும் குளக்கரையிலும் ஒன்றிரண்டு நிற்கும். தென்காசியைத் தாண்டிக் கிழக்கே பாவூர்சத்திரம் போகப் போகக் காற்றில் ஈரம் குறையும், மண் சிவக்கும், தென்னை பின்வாங்கிப் பனை முன்னால் வரும். சாரல் எட்டுகிற மட்டும் தென்னை, எட்டாத இடத்தில் பனை. அரை மணி நேரப் பயணத்திலேயே இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். பாவூர்சத்திரத்திலிருந்து கீழப்பாவூர்ப் பாதையில் திரும்பி, ஒரு மண்தடத்தில் வண்டியை நிறுத்தியபோது மணி ஐந்தே முக்கால்.

நான் தேடிப்போன பனையேறி அண்ணாச்சிக்கு அறுபத்து மூன்று வயது. பத்தொன்பது மரம் ஏறுகிறார். மரங்கள் அவருடையவை அல்ல, நிலக்காரரிடம் பாட்டத்துக்கு எடுத்தவை. நான் போவதற்குள் பாதி மரம் இறங்கிவிட்டிருந்தார். காலில் தளைநார், கையில் முருக்குத்தடி, இடுப்பில் அருவாப்பெட்டி.

"சொன்ன நேரத்துக்கு அரை மணி பிந்தி வாரிய சார். வெயில் ஏறினா பதனியும் ஏறிரும்" என்றார்.

ஏறிவிடும் என்றால் புளித்துப் போதை ஏறிவிடும் என்று பொருள். இந்தக் கட்டுரையின் சாரம் முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

சுண்ணாம்பு செய்கிற வேலை

பனம்பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவினால் சாறு சொட்டும். காலையும் மாலையும் சீவ வேண்டும். நாலைந்து நாள் விட்டுவிட்டால் காயம் காய்ந்து பாளை அடைபட்டுவிடும். அதனால் பனையேறிக்குக் காய்ச்சல் என்றாலும் விடுப்பு கிடையாது. பாளையின் கீழே கட்டுகிற கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்கும். பதநீரா கள்ளா என்பதை முடிவு செய்வது அந்தச் சுண்ணாம்புதான்.

பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்து முதல் பதினான்கு பங்கு வரை சர்க்கரை. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் இந்தச் சர்க்கரையைத் தின்னத் தொடங்கினால் இரண்டு பொருள் உண்டாகும். ஒன்று சாராயச் சத்து. மற்றொன்று கரியமில வாயு. அந்த வாயுதான் நுரை, இரைச்சல், நாக்கில் சுருக்கென்ற குத்தல் எல்லாம். கூடவே பாக்டீரியாக்கள் புளிப்பைச் சேர்க்கும். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்குக் கொண்டுபோய்விடுவதால் இந்த நுண்ணுயிர்கள் தலைதூக்க முடியாது. சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கும், கூடினால் நாக்கு வெந்துபோகும். சரியான அளவு எவ்வளவு என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"கலயத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி அடிக்கப்படாது. சின்னப் பிள்ளைக்குப் பவுடர் போடுத மாதிரி போடணும்" என்றார். நான் படித்த எந்தப் பாடப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கவில்லை.

நாசிக்கில் பார்த்த கண்ணாடிக் குவளை

இந்த இடத்தில் வேறோர் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் திராட்சைச் சாகுபடிப் பயிற்சிக்காக மகாராஷ்டிர மாநிலம் நாசிக் போயிருந்தேன். அந்தப் பகுதியில் ஒயினுக்கென்றே திராட்சை பயிரிடுகிறார்கள். கடைசி நாளில் ஓர் ஒயின் ஆலையைச் சுற்றிக் காட்டி, 'ஸ்பார்க்ளிங் ஒயின்' எனப்படும் நுரைக்கிற வெள்ளை ஒயினை எப்படி ருசி பார்ப்பது என்று பாடம் நடத்தினார்கள்.

பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில் செய்கிற முறைதான் அதற்கு மூலம். ஒருமுறை நொதித்து முடிந்த ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து இறுக மூடிவிடுகிறார்கள். உள்ளே இரண்டாம் முறை நொதிக்கிறது. வெளியே போக வழியில்லாத கரியமில வாயு ஒயினிலேயே கரைந்து நிற்கிறது. திறந்ததும் குமிழ் குமிழாகக் கிளம்புகிறது.

பாடம் நடத்தியவர் உயரமான ஒடுங்கிய குவளையில் கொஞ்சம் ஊற்றினார். முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கச் சொன்னார். குமிழ் சிறிதாகவும் விடாமலும் ஏறுகிறதா? பிறகு மோந்து பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு மிடறு. நான் ஒரு மிடறோடு நிறுத்திக்கொண்டேன். அதன்பின் தட்டில் உப்பு முந்திரி, சுடச்சுட வெங்காயப் பக்கோடா, இனிப்பு என்று வைத்து, எதோடு ஒயின் நன்றாக இருக்கிறது, எதோடு கெட்டுப்போகிறது என்று கேட்டார். உப்பும் எண்ணெயும் உள்ள பண்டத்தோடு அந்தப் புளிப்பும் குமிழும் வாயைக் கழுவிவிட்டது போல் இருந்தன. இனிப்போடு குடித்தபோது ஒயின் வெறும் புளித்தண்ணீராகத் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். அவர்கள் தங்கள் பானத்தைக் கண்ணால், மூக்கால், நாக்கால் அளக்கப் பொதுமக்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். கற்றுக்கொண்டவன் நல்லதற்கு நல்ல விலை கொடுக்கிறான். நம் பதநீருக்கு இப்படி ஒரு பாடம் யார் நடத்தியிருக்கிறோம்?

அந்தப் பாடம் எனக்கே தேவைப்பட்ட நாளும் வந்தது. மகள் வளைகாப்புக்கு வந்தவர்களுக்குக் குளிர்பானம் வேண்டாம், பதநீர் கொடுப்போம் என்று பெருமையாக ஏற்பாடு செய்தேன். ஆடி மாதம். தோப்புக்குப் போக நேரமில்லாமல் ரோட்டுக்கடையில் இரண்டு கேன் வாங்கிவந்தேன். எங்கள் பெரியம்மை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். "ஏலே, இது பதனியா? சாக்கரின் தண்ணிலா!" வேளாண்மைப் பட்டம் பெற்ற நான், ஒரு வாய் குடித்துப் பார்க்காமலே நூறு பேருக்கு ஊற்றியிருந்தேன்.

ஐம்புலனும் வேண்டும்

அன்று காலை அண்ணாச்சி சொல்லச் சொல்ல, நான் குறித்துக்கொண்டவை இவை.

கண்: சுண்ணாம்பு சரியாக இருக்கிற பதநீர் சற்று நேரம் வைத்தால் அடியில் வண்டல் தங்கி, மேலே தெளியும். நிறம் லேசான இளமஞ்சள், இளநீரைவிடக் கொஞ்சம் மங்கல். பால் போல வெளுத்துக் கலங்கி நின்றால் ஈஸ்ட் பெருகிவிட்டது என்று பொருள். அது கள்ளாகிக்கொண்டிருக்கிறது.

காது: பட்டையைக் காதருகே கொண்டுபோங்கள். நல்ல பதநீர் பேசாது. மெல்லிய இரைச்சல் கேட்டால் வாயு கிளம்புகிறது. சுரண்டைச் சகோதரியின் தூக்குச்சட்டி பேசியது இதைத்தான்.

மூக்கு: நல்ல பதநீரில் பச்சைப் பாளை வாசமும், புதிதாக வெள்ளையடித்த சுவரின் மணமும் லேசாக வரும். புளித்த மாவின் வாடையோ காடி நெடியோ வந்தால் கீழே வைத்துவிடுங்கள். எந்த மணமுமே இல்லையென்றாலும் சந்தேகப்படுங்கள்.

நாக்கு: இனிப்பு முதலில் நுனியில் தெரிந்து, உடனே விரிந்து, கடைசியில் ஓரத்தில் ஒரு சின்னத் துவர்ப்போடு முடிய வேண்டும். சுண்ணாம்பின் காரல் இருந்தும் இல்லாமலும் இருக்க வேண்டும்.

தொண்டை: இதுதான் கள்ளச்சரக்கைக் காட்டிக்கொடுக்கிற இடம். குடித்து ஒரு நிமிடம் பொறுங்கள். பதநீரின் இனிப்பு தானாக அடங்கிவிடும். சாக்கரின் இனிப்பு அடங்காது. பின்நாக்கில் ஒரு கசப்பாகவும் இரும்பைத் தொட்டது போலவும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் மேல் ஒரு சோதனை வேண்டுமென்றால் அடுப்பு இருக்கிறது. எட்டு முதல் பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். வீட்டில் ஒரு டம்ளரைச் சுண்டக் காய்ச்சுங்கள். பதநீர் பாகாகித் தேன் நிறத்தில் திரளும். சாக்கரின் தண்ணீர் வற்றி, பாத்திரம்தான் மிஞ்சும். என்னிடமிருந்த பிரிக்ஸ் மீட்டரில் அன்று அண்ணாச்சியின் பதநீர் 12 காட்டியது. அதாவது நூறு பங்கில் பன்னிரண்டு பங்கு கரைந்த பொருள், பெரும்பாலும் சர்க்கரை. சீனி கரைத்த தண்ணீரும் இதே எண்ணைக் காட்டும். அதனால் கருவி பாதிதான், மீதி நாக்கு.

மலைக்கு அந்தப் பக்கம்

பதநீர் புளித்தால் கள். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கு அனுமதி இல்லை. சுண்ணாம்பில்லாத கலயம் மரத்தில் தொங்கினால் சட்டத்தின் கண்ணில் அது கள். இலஞ்சியிலிருந்து மேற்கே செங்கோட்டை, புளியரை தாண்டி மலையேறினால் ஆரியங்காவு, கேரளம். அங்கே உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் நடக்கின்றன. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்தான். கடல் தாண்டினால் யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். 1978 முதல் இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை என்று தனி அமைப்பே இருக்கிறது.

கள் வேண்டுமா வேண்டாமா என்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. நான் சொல்ல வருவது சாப்பாட்டைப் பற்றி. கேரளக் கள்ளுக்கடையில் சாப்பாடு இல்லாமல் கள் இல்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கும் காரமான மீன் கறியும் அதற்கென்றே வந்த துணை. கிழங்கின் மாவுத்தன்மை புளிப்பைத் தாங்கும், குமிழ் மீனின் எண்ணெயை அறுக்கும். நாசிக்கில் பக்கோடாவோடு கற்றுத் தந்த அதே கணக்கு. புளித்த வெள்ளைப் பானத்துக்கு உப்பும் காரமும் எண்ணெயும் துணை.

பதநீர் புளிக்காதது, இனிப்பானது, காரத்தன்மை உள்ளது. அதற்குக் கணக்கு வேறு. அதைத் தெரிந்துகொள்ள, அண்ணாச்சியிடம் ஐந்து லிட்டர் வாங்கிக்கொண்டு எட்டு மணிக்குள் இலஞ்சிக்குத் திரும்பினேன்.

எதோடு சேரும், எதோடு சேராது

திண்ணையில் வீட்டார், பக்கத்து வீட்டார், அவர்கள் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒன்பது பேர். முதல் காரியமாகக் கண்ணாடி டம்ளரை ஒதுக்கிவைத்தோம். பச்சைப் பனையோலையை மடித்து ஒரு பக்கம் கட்டிய பட்டையில் ஊற்றினால், ஓலையின் மணம் பதநீரின் மணத்தோடு சேர்ந்துகொள்கிறது. டம்ளரில் குடித்துவிட்டுப் பட்டையில் குடித்தால் இரண்டும் ஒன்றே என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நுங்கு: இதில் வாதமே இல்லை. ஆனால் ஏன் சேர்கிறது என்று பாருங்கள். நுங்குக்குத் தனியாக இனிப்பு குறைவு, மணம் குறைவு. பதநீரிடம் இரண்டும் உண்டு. பதநீரிடம் மெல்ல ஒன்றுமில்லை, நுங்கு அதைத் தருகிறது. தோலின் துவர்ப்புத் தெரிய, முற்றாத நுங்கைத் தோலோடு போடுவதே நல்லது.

மாங்காய்: பொடியாக நறுக்கிய புளிப்பு மாங்காயைப் பட்டையில் போட்டுக் கால் மணி நேரம் ஊறவிட்டோம். எங்கள் ஓட்டில் முதலிடம் இதற்குத்தான். மாங்காயின் அமிலம் சுண்ணாம்பின் காரலைச் சமன் செய்துவிடுகிறது. புளிப்பு வந்ததும் இனிப்பு எழுந்து நிற்கிறது. சுண்ணாம்பு ஒரு பிடி கூடிப்போன பதநீரைக்கூட மாங்காய் காப்பாற்றிவிடும். நம் முன்னோர் அமிலம், காரம் என்று எழுதிவைக்கவில்லை. மாங்காயை நறுக்கிப் போட்டார்கள்.

வறுத்த நிலக்கடலை, அவித்த தட்டைப்பயறு: லேசாக உப்பிட்டது. இரண்டாம் இடம். உப்பு இருந்தால் இனிப்பு திகட்டுவதில்லை. பயற்றைத் தண்ணீருக்குப் பதில் பதநீரிலேயே வேகவைத்தால் அது தனிப் பலகாரம். வயலுக்குப் போகுமுன் ஒரு கிண்ணம் போதும். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து வைக்கிற பதநீர்ப் பொங்கலும் இந்த வகைதான். வெல்லம் தேவையில்லை.

மிளகு வடை, முறுக்கு: பிள்ளைகள் கட்சி. எண்ணெய்ப் பண்டத்தின் கனத்தைப் பதநீர் குறைக்கிறது. ஆனால் புளித்த பானம் அறுக்கிற மாதிரி அறுப்பதில்லை. சுமார்.

வாழைப்பழம், பால்கோவா: தோல்வி. இனிப்போடு இனிப்பு சேர்ந்தால் பதநீர் வெறும் தண்ணீராகத் தெரிகிறது. நாசிக்கில் கண்ட அதே பாடம்.

பரோட்டாவும் சால்னாவும்: செங்கோட்டை போகிற வழியில் பிரானூர் பார்டர் பரோட்டாவுக்குப் பேர்போனது. மருமகன் வாங்கிவந்திருந்தார். சால்னாவின் காரத்தைப் பதநீர் ஆற்றுகிறது என்றார். எனக்கு மசாலா மணத்தில் பதநீரின் மணம் காணாமல் போனதாகத்தான் பட்டது. காலைப் பதநீரை வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, பரோட்டாவை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சமரசம் ஆயிற்று.

பத்தரை மணிக்கு மிச்சமிருந்த பதநீரைத் திரும்ப ருசி பார்த்தோம். இனிப்பு ஒரு படி இறங்கியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஓரத்தில் சிறு குமிழ்கள். பக்கத்து வீட்டுச் சிறுவன் பட்டையைக் காதில் வைத்துவிட்டு, "மாமா, பேசுது!" என்று கத்தினான். பாடம் முடிந்தது. மிச்சத்தைப் பஞ்சகவ்யப் பானையில் ஊற்றினேன்.

சாரல் காலத்துப் பதநீர்

இனி, மனதைக் குடைகிற விஷயம். பனையில் சாறு இறங்குவது தை, மாசி தொடங்கிக் கோடை முழுவதும். ஆனி பிறந்து சாரல் விழுந்தால் எங்கள் பக்கத்தில் மரம் வழுக்கும். மழைத்தண்ணீர் கலயத்தில் விழுந்து சாறு நீர்த்துப்போகும். பாளையும் ஓய்ந்துவரும். ஆனால் குற்றாலத்தில் கூட்டம் அலைமோதுவது அப்போதுதான். அப்போது சாலையோரம் பதநீர் என்று எழுதிய பலகைகள் கூடுகின்றனவே தவிரக் குறைவதில்லை. இருக்கிற நாலு மரத்திலிருந்து இத்தனை கேன் எப்படி நிரம்பும் என்று வாங்குகிற யாரும் கேட்பதில்லை. நானும் வளைகாப்பு நாளில் கேட்கவில்லை.

இதில் ஏமாறுவது வாங்குகிறவர் மட்டும் இல்லை. தண்ணீரும் சாக்கரினும் கலந்தவனுக்கு மரம் ஏறுகிற செலவில்லை. எந்த விலைக்கும் கொடுப்பான். அந்த விலைக்கு அண்ணாச்சியால் கொடுக்க முடியாது. நாக்குக்கு வித்தியாசம் தெரியாத ஊரில் உயிரைப் பணயம் வைத்து இறக்கிய பதநீரும் குழாய்த் தண்ணீரும் ஒரே விலை. அண்ணாச்சியின் மகன் லோடு வண்டி ஓட்டுகிறார். "அவனை மரமேறச் சொல்ல எனக்கு வாய் வரல சார். முட்டு வலிக்கி. அடுத்த வருசம் பாதி மரத்தை விட்டிருவேன்" என்றார்.

ஏறாத மரத்துக்கு வருமானமில்லை. வருமானமில்லாத மரத்தைச் செங்கல் சூளைக்காரர் கேட்டு வருவார். 2021-ல் தமிழக அரசு முதன்முதலாக வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை தந்தபோது பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தது. தவிர்க்க முடியாமல் பனையை வெட்ட வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. நல்ல விதி. ஆனால் அது வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1998-ல், எங்கள் பூர்வீக வரப்பில் நின்ற ஏழு பனைகளை விற்றவன் நான். வீடு கட்டப் பணம் குறைந்தது. லாரிக்காரர் கொடுத்த தொகை இரண்டு ஜன்னலுக்கும் காணவில்லை. பனை நடுங்கள் என்று ஊர் ஊராகப் பேசுகிற உத்தியோகத்தில் இருந்துகொண்டு செய்த வேலை அது.

2006-ல் அதே வரப்பில் பனங்கொட்டை போட்டேன். பன்னிரண்டில் ஒன்பது பிழைத்தன. பனை பாளை விடப் பதினைந்து ஆண்டுக்குக் குறையாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதல் பாளை வந்தது. ஆண் மரம். மரம் இன்னும் உயரமில்லை. சின்ன ஏணியே எட்டும். மாசியில் அண்ணாச்சியை இலஞ்சிக்கு அழைத்துவந்தேன். வேலையில்லாமல் நின்ற எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேரைக் கீழே நிறுத்தி, பாளை நசுக்குவதையும் சீவுவதையும் காட்டிக்கொடுத்தார். ஒருவன் மறுநாள் வரவில்லை. மற்றவன் வந்தான். பங்குனி முழுவதும் வந்தான். அவன் இறக்கிய முதல் கலயத்தில் சுண்ணாம்பு கூடிப்போய் நாக்கு எரிந்தது. மாங்காய் போட்டுக் குடித்தோம். இப்போது பவுடர் போடப் பழகிவிட்டான்.

அடுத்த கோடையில் நீங்கள் எங்கள் பக்கம் வந்தால் எட்டு மணிக்கு முன் வாருங்கள். மரத்தடியில் வாங்குங்கள். முதலில் காதில் வைத்துக் கேளுங்கள், பிறகு குடியுங்கள். விலை கேட்கும்போது ஒருமுறை அண்ணாந்து மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசகர் கேள்விகள்

இரைகிற பதநீரைக் காய்ச்சிவிட்டால் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். காய்ச்சினால் வாயு போய்விடும். புளிப்பு போகாது. கருப்பட்டியும் திரளாது. புளிக்கும்போது சர்க்கரை உடைந்துவிடுவதால் பாகு இளகியே நிற்கும். பஞ்சகவ்யத்திலோ எருக்குழியிலோ ஊற்றுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் பதநீர் குடிக்கலாமா? கருப்பட்டி நல்லது என்கிறார்களே?

பதநீரின் இனிப்பும் கரும்புச் சர்க்கரையில் உள்ள அதே வகைச் சர்க்கரைதான். ஒரு டம்ளரில் ஐந்தாறு தேக்கரண்டி சீனிக்குச் சமமாக இருக்கும். இயற்கையானது என்பதால் இரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது. கருப்பட்டிக்கும் இதே பதில். மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

எங்களிடம் தென்னைதான் இருக்கிறது. பதநீர் இறக்கலாமா?

தென்னம்பாளையிலும் சாறு இறங்கும். புளிக்காமல் எடுக்கிற தென்னை நீராவுக்கு 2017-ல் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. உரிமம் இல்லாமல் இறக்கக் கூடாது. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், சுண்ணாம்புக்குப் பதில் பனிக்கட்டிப் பெட்டியில் சாற்றைச் சேகரிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. உங்கள் வட்டார வேளாண்மை, தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

வௌவால் கலயத்தில் வாய் வைக்கிறதே, ஆபத்து உண்டா?

உண்டு. வங்கதேசத்தில் பேரீச்ச மரத்துப் பச்சைச் சாற்றின் வழியே வௌவாலிடமிருந்து நிபா வைரஸ் மனிதருக்குப் பரவியிருக்கிறது. பாளையையும் கலய வாயையும் சேர்த்து வலையாலோ ஓலைப் பின்னலாலோ மூடிக் கட்டுங்கள். கடித்த தடமோ எச்சமோ கண்ட கலயத்தைக் கொட்டிவிடுங்கள். துணியில் வடிகட்டினால் பூச்சி போகும், கிருமி போகாது.

பனையேறிகளுக்கு அரசு உதவி ஏதேனும் உண்டா?

தமிழ்நாடு பனைமரத் தொழிலாளர்கள் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்கு விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி போன்றவை உண்டு. மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேளுங்கள். பதிவைப் புதுப்பிக்க மறந்தவர்கள் பலர். அடுத்த பாளை வருமுன் முடித்துவிடுங்கள்.